வளைகுடா வேலைக்குப் புறப்படுமுன்: விசா, உடல்நலம், பாதுகாப்பு



நமது பங்குகளில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் வளைகுடா நாடுகளில் ஒருவர் வேலை பார்க்கும் வீடு ஒன்றாவது இருக்கும். கட்டட வேலை, வெல்டிங், ஓட்டுநர் பணி, மீன்பிடி, செவிலியர் பணி, வீட்டு வேலை என்று பலரும் பல திசைகளில் சென்றிருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் பல வீடுகள் எழும்பியிருக்கின்றன, பல பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்றிருக்கின்றனர், பல தங்கைமாரின் திருமணங்கள் நடந்திருக்கின்றன. அதே தெருக்களில், போன மகனிடமிருந்து தகவல் இல்லாமல் தவிக்கும் தாய்மார்களும், ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனுக்கு இன்றும் வட்டி கட்டும் குடும்பங்களும் இருப்பதை நாம் அறிவோம்.

இந்த இரண்டு வகைக் குடும்பங்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சற்று ஆராய்ந்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பெரும்பாலான துன்பங்களின் வேர், விமானம் ஏறுவதற்கு முன்பே இங்கேயே ஊன்றப்பட்டுவிடுகிறது. முறையான தாள்கள் இல்லாமல் போனவருக்கு ஆபத்து வரும்போது, உதவ நினைப்பவர்களுக்கும் கைகள் கட்டப்பட்டுவிடுகின்றன. ஆகவே புறப்படுமுன் கவனிக்க வேண்டியவற்றை இங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. விசா என்ன சொல்கிறது?

விசா என்றால் ஒரு நாட்டுக்குள் நுழைவதற்கான அனுமதி என்று மட்டுமே பலர் எண்ணுகிறோம். வளைகுடா நாடுகளைப் பொறுத்தவரை அதற்கு மேலும் பொருள் உண்டு. எந்த முதலாளியிடம், எந்த வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. அங்கே தொழிலாளரின் குடியிருப்பு அனுமதி, அவரை வரவழைத்த முதலாளியோடு கட்டப்பட்டது. 'கஃபாலா' என்று அழைக்கப்படும் இந்த முறையில் கத்தார், சவூதி அரேபியா போன்ற நாடுகள் அண்மை ஆண்டுகளில் சில தளர்வுகளைச் செய்துள்ளன. ஆயினும், சொல்லாமல் வேலையை விட்டு வெளியேறுகிறவர் மீது 'ஓடிப்போனவர்' என்று முதலாளி புகார் கொடுத்துவிட்டால், அவர் சட்டத்துக்குப் புறம்பானவர் ஆகிவிடுகிறார்.

இங்கேதான் இரண்டு வார்த்தைகளைப் பற்றி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒன்று, 'விசிட் விசா'. "முதல்ல விசிட்ல போங்க, அங்க போய் வேலை விசாவா மாத்திக்கலாம்" என்று ஏஜெண்டு சொல்வார். சிலருக்கு அது நடக்கவும் செய்கிறது. நடக்காதவர்களின் நிலை என்ன? சுற்றுலா விசாவில் வேலை செய்வது குற்றம். விசா காலம் முடிந்தபின் தங்கினால், ஐக்கிய அரபு அமீரகத்தில் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம் ஏறிக்கொண்டே போகும். அபராதத்தைக் கட்ட முடியாமல் ஆண்டுக்கணக்கில் ஒளிந்து வாழ்ந்தவர்கள், 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அந்நாட்டு அரசு அறிவித்த பொதுமன்னிப்பைப் பயன்படுத்தி ஊர் திரும்பினார்கள். அத்தகைய மன்னிப்பு எப்போதும் கிடைப்பதில்லை.

மற்றொன்று, 'ஃப்ரீ விசா'. யாரோ ஒருவர் தன் பெயரில் விசா எடுத்துக் கொடுப்பார், போய்ச் சேர்ந்தபின் எங்கு வேண்டுமானாலும் வேலை பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அப்படி ஒரு விசாவை எந்த அரசும் வழங்குவதில்லை. விசாவில் பெயருள்ள முதலாளியை விட்டு வேறிடத்தில் வேலை செய்து பிடிபட்டால், சிறையும் நாடு கடத்தலும் தொழிலாளருக்குத்தான்.

எனவே விசா கைக்கு வந்தவுடன், அதில் உள்ள பெயர், தொழில், முதலாளி விவரம் ஆகியவற்றை அறிந்த ஒருவரிடம் காட்டிப் படித்துப் பாருங்கள். பெரும்பாலான வளைகுடா அரசுகளின் இணையதளங்களில் விசா எண்ணைக் கொடுத்து அது உண்மையானதா என்று சரிபார்க்கலாம். பங்கில் உள்ள கல்லூரி மாணவர் ஒருவர் பத்து நிமிடத்தில் செய்து கொடுக்கக்கூடிய உதவி இது. கடவுச்சீட்டு இன்னும் 6 மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. பெயரில் பிழை வேண்டாம்

நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இது. திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயர், ஆதாரில் எழுத்து மாறிய பெயர், திருமணப் பதிவில் தந்தையின் பெயர் முன்னால் சேர்ந்த பெயர் என்று பல வீடுகளில் உண்டு. ஊரில் இருக்கும்வரை இதனால் பெரிய தொல்லை இல்லை. மனைவியையும் பிள்ளைகளையும் அழைக்க விண்ணப்பிக்கும்போதும், காப்பீட்டுத் தொகை கேட்கும்போதும் இந்த எழுத்துப் பிழை மலைபோல் எழுந்து நிற்கும். ஆலயத் திருமணச் சான்றிதழோடு நிறுத்திவிடாமல், அரசுப் பதிவுச் சான்றிதழையும் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம்.

3. குடிபெயர்வு அனுமதியைத் தவிர்க்காதீர்கள்

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவர்களின் கடவுச்சீட்டு பொதுவாக 'ஈ.சி.ஆர்.' வகையைச் சேர்ந்தது. இவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது, 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி பெற வேண்டும். சவூதி அரேபியா, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் ஆகிய 6 வளைகுடா நாடுகளும், மலேசியா, ஈராக், ஜோர்டான், லெபனான் போன்றவையும் இப்பட்டியலில் அடங்கும். 'இ-மைக்ரேட்' என்ற அரசு இணையதளம் வழியாக இந்த அனுமதி வழங்கப்படுகிறது. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இயங்குகிறது.

"இது வீண் அலைச்சல், நான் வேறு வழியில் அனுப்பிவிடுகிறேன்" என்பார் ஏஜெண்டு. இந்த அனுமதி எதற்காக என்று தெரிந்தால் நாம் அப்படி எண்ண மாட்டோம். அனுமதி பெறும்போது, வெளிநாட்டு முதலாளி யார், சம்பளம் எவ்வளவு, எந்த ஏஜெண்டு அனுப்பினார் என்பதெல்லாம் அரசின் பதிவில் ஏறிவிடுகிறது. 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' என்ற காப்பீடும் இதனோடு கட்டாயமாகச் சேர்கிறது. சில நூறு ரூபாய்க் கட்டணத்தில், விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் ரூ.10 லட்சம் கிடைக்கும் திட்டம் இது. சுற்றுலா விசாவில் போனவருக்கு இந்தப் பதிவும் இல்லை, இந்தக் காப்பீடும் இல்லை. சம்பளம் வராதபோது அவர் எந்த ஒப்பந்தத்தைக் காட்டுவார்?

ஈ.சி.ஆர். கடவுச்சீட்டு உள்ள பெண்கள் இந்நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் செல்ல 30 வயது நிறைவடைந்திருக்க வேண்டும். வயதைக் கூட்டிக் காட்டி அனுப்புகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் பொய்யான ஆவணத்தோடு உங்கள் மகளை அந்நிய நாட்டில் தனியே விடப்போகிறார் என்று பொருள். செவிலியர்கள் பட்டம் பெற்றவர்களானாலும், 2015 முதல் இந்த 18 நாடுகளுக்கும் குடிபெயர்வு அனுமதி பெற்றே செல்ல வேண்டும். அவர்களுக்குத் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நம்பிக்கையான வழி.

4. ஏஜெண்டும் பணமும்

வெளிநாட்டுக்கு ஆள் எடுக்க எல்லோருக்கும் உரிமை கிடையாது. மத்திய அரசின் உரிமம் பெற்றவர்களின் பட்டியலும், உரிமமின்றிச் செயல்படுவதாகப் புகார் வந்தவர்களின் பட்டியலும் இ-மைக்ரேட் தளத்தில் உள்ளன. உரிமம் பெற்றவரும் தன் சேவைக் கட்டணமாக ரூ.30,000-மும் அதற்கான ஜி.எஸ்.டி. வரியும் மட்டுமே வாங்கலாம். ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்கப்படும்போது, மீதிப் பணம் யாருக்குப் போகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். ரசீது தர மறுக்கிறவர் நாளை உங்களைத் தெரியாது என்று சொல்லத் தயாராக இருக்கிறார். கடன் வாங்கியே போக வேண்டிய நிலை என்றால், அங்கு கிடைக்கும் சம்பளத்தில் சாப்பாடு, அறை, தொலைபேசிச் செலவு போக மிஞ்சுவது எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்கு ஒத்து வராவிட்டால், போகாமல் இருப்பதும் நல்ல முடிவுதான்.

வளைகுடாவுக்கு வெளியே இன்னொரு வலையும் விரிக்கப்பட்டிருக்கிறது. தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் சென்று, மியான்மர் எல்லைக்குள் கடத்தி, இணையவழி மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட தமிழக இளைஞர்கள் 2022-இல் மீட்கப்பட்டு ஊர் திரும்பியதை மறந்திருக்க மாட்டோம். அவர்கள் பலரும் படித்தவர்கள். சமூக வலைத்தளத்தில் வந்த விளம்பரத்தை நம்பியதுதான் அவர்களுக்கு வினையானது.

5. ஒப்பந்தத்தைப் படியுங்கள்

வேலை ஒப்பந்தத்தில் மாதச் சம்பளம், வேலை நேரம், மிகைநேரக் கூலி, தங்குமிடம், மருத்துவச் செலவு, விடுமுறை, ஊர் திரும்ப விமானச் சீட்டு ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். அங்கே போய் இறங்கியதும், அரபு மொழியில் வேறொரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், அதன் பொருள் தெரியாமல் கையெழுத்திடாதீர்கள். கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது அந்நாடுகளின் சட்டத்துக்கே எதிரானது. ஆனாலும் அது நடக்கிறது. ஆகையால் நகல் எப்போதும் உங்களிடம் இருக்கட்டும்.

கடலோரப் பங்குகளின் மீனவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளம் இல்லாமல், பிடிபடும் மீனில் ஒரு பகுதி என்ற வாய்ப்பேச்சில்தான் பலர் செல்கிறார்கள். மீன்பாடு குறைந்தால் கையில் ஒன்றும் இருக்காது. கணக்கு எப்படிப் பிரிக்கப்படும், டீசல், ஐஸ் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். வளைகுடாக் கடல் குறுகியது. பஹ்ரைன், கத்தார், சவூதி, ஈரான் ஆகியவற்றின் கடல் எல்லைகள் அங்கே நெருங்கிக் கிடக்கின்றன. எல்லை தாண்டிப் பிடிபட்டால் சிறைக்குப் போகிறவர் படகில் இருந்த தொழிலாளர். படகில் ஜி.பி.எஸ். கருவி வேலை செய்கிறதா, உரிமம் செல்லுபடியாகிறதா என்று பார்க்காமல் கடலுக்குச் செல்ல வேண்டாம்.

6. உடல்நலம்: கடன் வாங்குமுன் பரிசோதனை

வளைகுடா வேலை விசாவுக்கு, அந்நாடுகள் அங்கீகரித்த மையங்களில் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். முன்பு 'காம்கா' என்றும் இப்போது 'வாஃபித்' என்றும் அழைக்கப்படும் ஏற்பாடு இது. மார்பு எக்ஸ்ரே, எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி மற்றும் சி போன்றவற்றுக்கான இரத்தப் பரிசோதனை முதலியவை இதில் உண்டு. அங்கே போய்ச் சேர்ந்தபின் மீண்டும் ஒருமுறை பரிசோதிப்பார்கள். காசநோயின் தடயம் தெரிந்தால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பல குடும்பங்களில் ஏஜெண்டுக்குப் பணம் கட்டிய பிறகே பரிசோதனை நடக்கிறது. அந்த வரிசையை மாற்றுங்கள். கடன் வாங்குவதற்கு முன்பே அரசு மருத்துவமனையில் ஓர் எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் செய்து பாருங்கள். காசநோய் என்று தெரிந்தால் அஞ்ச வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் மாத்திரை இலவசம், வழக்கமாக 6 மாதச் சிகிச்சையில் குணமாகும். பணம் கொடுத்துப் போலிச் சான்றிதழ் வாங்கிப் போகிறவர், நோயையும் கடனையும் சேர்த்தே சுமந்து திரும்புவார்.

சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதல் சில மாதங்களுக்கான மாத்திரைகளை, மருத்துவரின் சீட்டோடும் மருந்துக்கடை அட்டையோடும் கொண்டு செல்லுங்கள். தளர்ந்து கிடக்கும் மாத்திரைகளைப் பொட்டலமாக எடுத்துச் செல்லாதீர்கள். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் சில வலி மாத்திரைகள், தூக்க மாத்திரைகள், கோடீன் கலந்த இருமல் மருந்துகள், டிரமடால், அல்பிரசோலம் போன்றவை அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். அவற்றைக் கொண்டுசெல்ல முன் அனுமதி வேண்டும்.

கோடை வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 45 டிகிரிக்கு மேல் போகும் வெப்பத்தில் திறந்தவெளி வேலை செய்வது உயிருக்கே ஆபத்து. இதற்காகவே நண்பகல் ஓய்வுச் சட்டம் இருக்கிறது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரையிலும், சவூதியில் அதே காலத்தில் 12 முதல் 3 மணி வரையிலும், கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரையிலும் வெயிலில் வேலை வாங்கக்கூடாது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது உடலில் நீர் குறைந்துவிட்டதன் அடையாளம். தலைச்சுற்றல், குழப்பமான பேச்சு என்று உடன் வேலை செய்பவரிடம் கண்டால் உடனே நிழலுக்குக் கொண்டுசென்று உடலைக் குளிரவைத்து, ஆம்புலன்ஸை அழையுங்கள்.

7. பெட்டியில் என்ன இருக்கிறது?

"தம்பி, இந்த ஊறுகாயை என் மச்சானிடம் கொடுத்துவிடு, விமான நிலையத்துக்கே வந்து வாங்கிக்கொள்வான்" என்று கடைசி நேரத்தில் யாராவது பொட்டலம் தருவது நம் வழக்கம். மறுப்பது மரியாதையன்று என்று வாங்கிக்கொள்கிறோம். மும்பையைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதியர் 2019-இல், உறவினர் ஒருவர் தந்த பொட்டலத்தோடு கத்தார் சென்று இறங்கினர். உள்ளே போதைப்பொருள் இருந்தது. 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கருவுற்றிருந்த அப்பெண் சிறையில் இருந்தபடியே பிள்ளை பெற்றார். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று நிறுவப்பட்டு ஊர் திரும்ப 2021 ஆகிவிட்டது. கொடுத்தவர் இரத்த உறவே ஆனாலும், திறந்து பார்க்காத எதையும் உங்கள் பெட்டியில் வைக்காதீர்கள்.

நம் சமையலறையில் இருக்கும் கசகசா அமீரகம், சவூதி, கத்தார் ஆகிய நாடுகளில் தடைசெய்யப்பட்ட பொருள். குருமாவுக்கு என்று அம்மா அன்போடு கட்டிக்கொடுக்கும் சிறு பொட்டலம் மகனைக் காவல் நிலையத்தில் நிறுத்திவிடும். அரைத்து வைத்த மசாலாப் பொடியில் அது கலந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. தங்குமிடத்தில் முதல் நாள்

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில், தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அதிகாலையில் தீப்பிடித்தது. உயிரிழந்தவர்களில் 40-க்கும் மேற்பட்டோர் இந்தியர்கள், அவர்களுள் 7 பேர் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். தூக்கத்தில் இருந்தவர்களில் பலர் புகையில் மூச்சுத் திணறியே இறந்தார்கள். போய்ச் சேர்ந்த முதல் நாளே, அறையிலிருந்து வெளியேறும் படிக்கட்டு எங்கே, மொட்டைமாடிக் கதவு திறந்திருக்கிறதா, வழியில் எரிவாயு உருளையோ சாமான்களோ அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். புகை சூழ்ந்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, தரையோடு குனிந்து வெளியேற வேண்டும்.

9. ஆபத்து வந்தால் யாரைக் கேட்பது?

சம்பளம் தராமல் போனாலும், அடித்துத் துன்புறுத்தினாலும், முதலில் நாட வேண்டியது இந்தியத் தூதரகம். துபாய், ரியாத், ஜித்தா, கோலாலம்பூர் ஆகிய இடங்களில் தொழிலாளர்களுக்கென்றே உதவி மையங்கள் உள்ளன. 2009 முதல் இயங்கும் இந்தியச் சமூக நல நிதியிலிருந்து, ஆதரவற்றவர்களுக்கு விமானச் சீட்டு, மருத்துவம், இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்புதல் ஆகியவற்றுக்கு உதவி கிடைக்கும். ஊரில் உள்ள குடும்பத்தார் 'மதத்' என்ற அரசு இணையதளத்தில் புகார் பதியலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும், சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத்துறை ஆணையரகத்திலும் மனுக் கொடுக்கலாம்.

இவர்கள் எல்லோரும் முதலில் கேட்பவை கடவுச்சீட்டு எண், விசா நகல், முதலாளியின் பெயர், முகவரி. எத்தனையோ மனைவிமார் இந்தக் கேள்விக்கு, "துபாயில் ஏதோ கம்பெனி" என்று மட்டும் சொல்லிக் கண்கலங்கி நிற்கிறார்கள். ஆகவே கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், காப்பீட்டுத் தாள், ஏஜெண்டின் ரசீது, வேலை செய்யும் இடத்தின் முகவரி, உடன் தங்கியிருப்பவர் ஒருவரின் தொலைபேசி எண் ஆகிய ஏழையும் ஒரே கோப்பில் போட்டு வீட்டில் வையுங்கள். மனைவியோ பெற்றோரோ அதை எடுத்துப் படித்துப் பார்த்திருக்க வேண்டும்.

10. ஆலயமும் அன்பியமும்

அங்கே வாழும் நம்மவருக்குத் திருச்சபை தொலைவில் இல்லை. சவூதி அரேபியாவில் ஆலயம் இல்லை, பொது வழிபாட்டுக்கு இடமில்லை. மற்ற ஐந்து நாடுகளிலும் கத்தோலிக்க ஆலயங்கள் உள்ளன. துபாயில் தூய மரியன்னை ஆலயம், அபுதாபியில் தூய யோசேப்பு பேராலயம், தோகாவில் 2008-இல் திறக்கப்பட்ட செபமாலை அன்னை ஆலயம், பஹ்ரைனில் 2021-இல் அர்ச்சிக்கப்பட்ட அரேபிய அன்னை பேராலயம் ஆகியவற்றைச் சொல்லலாம். அங்கே நம் மொழி பேசும் ஒருவரைச் சந்திப்பதே தனிமைக்குப் பெரிய மருந்து. மனம் சோர்ந்த ஒருவர் தன் நிலையை முதலில் சொல்வதும், வேலை இழந்தவர் முதலில் தட்டுவதும் பல நேரங்களில் அந்தக் கதவுகளைத்தான். புறப்படுமுன், போகும் நகரில் உள்ள ஆலயத்தின் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் பங்குகளும் இதில் செய்யக்கூடியது உண்டு. ஒவ்வோர் அன்பியத்திலும், வெளிநாடு சென்றவர்களின் பெயர், நாடு, தொடர்பு எண் கொண்ட சிறு பட்டியலைக் குடும்பத்தின் ஒப்புதலோடு பராமரிக்கலாம். ஆண்டுக்கு ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப் பிறகு, வெளிநாடு சென்று திரும்பிய ஒருவரையும் இ-மைக்ரேட் தெரிந்த ஒருவரையும் அழைத்து, புறப்பட இருப்பவர்களின் தாள்களைச் சரிபார்க்க உதவலாம். விதிகளும் கட்டணங்களும் அவ்வப்போது மாறுவதால், அரசுத் தளத்தை அன்றே திறந்து பார்ப்பது நல்லது.

மகன் புறப்படும் நாளில் வீடே கூடி செபித்து, நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புவது நம் குடும்பங்களின் வழக்கம். அதற்கு முந்தைய மாலை, அவனுடைய தாள்களை மேசையில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கும் வழக்கத்தையும் தொடங்குவோம். ஏதாவது ஒன்று குறைந்தால், பயணத்தை ஒரு வாரம் தள்ளிப் போடலாம். அந்த ஒரு வாரத் தாமதத்தால் எந்தக் குடும்பமும் அழிந்துபோனதில்லை.